பச்சிளம் குழந்தையும் புது அப்பாவும்: பராமரிப்பில் பங்கு எப்படி அமைகிறது?

ஜப்பானில் குழந்தை பிறந்தால் அப்பாவும் ஓராண்டு வரை விடுப்பு எடுக்கலாம். சம்பளத்தில் ஒரு பகுதி காப்பீட்டு நிதியிலிருந்து வரும். ஆனாலும் 2019 நிதியாண்டில் அந்த உரிமையைப் பயன்படுத்திய ஆண்கள் 7.48 சதவீதம்தான். நார்வே 1993-இல் அப்பாக்களுக்கென்று ஒதுக்கியதோ வெறும் 4 வாரம். அதற்கு முன் அங்கே விடுப்பெடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சில ஆண்டுகளிலேயே அது பத்துக்கு ஏழு பேர் என்றாகிவிட்டது.

ஓராண்டு கொடுத்த இடத்தில் ஆளில்லை, நாலு வாரம் கொடுத்த இடத்தில் எல்லாரும் எடுக்கிறார்கள். தந்தையர் விடுப்பு பற்றிய செய்திகள் குழப்புவதற்குக் காரணம், அவை பெரும்பாலும் எத்தனை நாள் என்ற எண்ணோடு நின்றுவிடுவதுதான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படிப்பட்ட வேலை, அது ஏன் ஒருவர் கையிலேயே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம் வரும்.

## முதலில் சொற்கள்

1. மகப்பேறு விடுப்பு: அம்மாவுக்கானது. பிரசவத்திலிருந்து உடல் தேறவும் பால் கொடுக்கவும்.
2. தந்தையர் விடுப்பு: பிறப்பை ஒட்டி அப்பாவுக்குக் கிடைக்கும் சில நாள்கள் அல்லது வாரங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 வழிகாட்டுச் சட்டப்படி உறுப்பு நாடுகளில் இது குறைந்தது 10 வேலை நாள்.
3. பெற்றோர் விடுப்பு: இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நீண்ட விடுப்பு. மகப்பேறு விடுப்பை இப்படி இருவருக்கும் பொதுவாக்கிய முதல் நாடு சுவீடன், 1974-இல்.
4. தந்தையர் ஒதுக்கீடு: பெற்றோர் விடுப்பில் அப்பாவுக்கென்று பூட்டிவைத்த பகுதி. அவர் எடுக்காவிட்டால் அம்மாவுக்கு மாற்ற முடியாது, அந்த நாள்கள் வீணாகிவிடும்.

செய்திகளில் இரண்டாவதும் நான்காவதும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. விளைவில் இரண்டும் வெகு தூரம்.

## வேலையின் அளவு

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு தடவை குடிக்கத் தொடங்கியதிலிருந்து அடுத்த தடவை தொடங்குவது வரையான நேரம். குடித்து முடிக்க அரை மணி போகும். ஏப்பம் வரவைத்து, டயப்பர் மாற்றி, மறுபடி தூங்கவைக்க இன்னொரு அரை மணி. மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். பெரியவர்களுடைய தூக்கத்தின் ஒரு சுற்றே ஏறக்குறைய 90 நிமிடம். படுத்தவுடன் தூங்கிவிட்டால்கூட ஒரு சுற்றுதான் தேறும். இதை ஒருவரே இரவு பகலாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அப்புறம் அழுகை. இரண்டாவது வாரத்திலிருந்து மெல்லக் கூடும், ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். எல்லாக் குழந்தைக்கும் நாள் கணக்கு ஒன்றுபோல இருக்காது, ஆனால் ஏறி இறங்கும் விதம் பொதுவானது. 10 வேலை நாள் விடுப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழுகை கூட ஆரம்பிக்கும் வாரத்தில் அப்பா வேலைக்குத் திரும்பிவிடுகிறார். அவர் பார்த்தது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. ஒரு மாதம் கழித்து வீட்டில் இருக்கும் குழந்தை வேறு.

## பங்கு என்றால் எதை எண்ணுவது?

உளவியலாளர் மைக்கேல் லாம்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களில் அப்பாவின் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். இன்றும் இந்தத் துறையில் எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1. நேரடி ஈடுபாடு: தூக்குவது, குளிப்பாட்டுவது, விளையாட்டுக் காட்டுவது.
2. கிடைக்கும் தூரத்தில் இருப்பது: குழந்தை தூங்குகிறது, அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார், அழுதால் போவார்.
3. பொறுப்பு: அடுத்த தடுப்பூசி எப்போது, டயப்பர் எத்தனை மீதி இருக்கிறது, நேற்றிலிருந்து சிறுநீர் குறைந்திருக்கிறதே என்ன காரணம் என்று மனதில் ஓடிக்கொண்டே இருப்பது.

முதலிரண்டும் கண்ணுக்குத் தெரியும். கடிகாரம் வைத்து அளக்கலாம். மூன்றாவதை அளப்பது கடினம், ஆனால் களைப்பு வருவது பெரும்பாலும் அதிலிருந்துதான். கூடமாட ஒத்தாசையாக இருக்கும் அப்பாக்கள் நிறைய உண்டு. சொன்னால் உடனே செய்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்று யோசிக்கும் வேலை அம்மாவிடமே தங்கிவிடுகிறது. “நான் பாதி வேலை செய்கிறேனே” என்று அப்பா சொல்வதும், “எல்லாம் என் தலையில்தான்” என்று அம்மா சொல்வதும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். அப்பா எண்ணுவது முதல் வகையை, அம்மா எண்ணுவது மூன்றாவதை.

## உடல் என்ன சொல்கிறது?

கருவைச் சுமப்பதும் தாய்ப்பால் கொடுப்பதும் அம்மாவால் மட்டுமே முடியும். மற்ற வேலைகளிலும் அம்மாவுக்கு இயற்கையே ஒரு தனித்திறமை கொடுத்திருக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. இதைச் சோதித்த மூன்று ஆய்வுகளைப் பார்க்கலாம்.

முதலாவது பிலிப்பைன்ஸில் நடந்தது, 2011-இல் வெளியானது. லீ கெட்லரும் குழுவினரும் 624 இளைஞர்களை 2005-இல் ஒருமுறையும் 2009-இல் ஒருமுறையும் பரிசோதித்தார்கள். இடையில் துணையும் குழந்தையும் வந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு கணிசமாகக் குறைந்திருந்தது. அவர்களிலும் தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பார்த்துக்கொள்ளாதவர்களைவிடக் குறைவு. ஆண்மை போய்விடும் என்று பயப்பட வேண்டிய செய்தி இல்லை இது. அதே மனிதர்கள்தான் நான்கு ஆண்டுக்கு முன் அளவு கூடுதலாக இருந்து, அதன்பின் அப்பா ஆனவர்கள். ஆணின் உடலும் குழந்தைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதே இதில் தெரிவது.

இரண்டாவது, அழுகையை அடையாளம் காண்பது. தன் குழந்தையின் அழுகையை மற்றக் குழந்தைகளின் அழுகையிலிருந்து அம்மாவால்தான் பிரித்தறிய முடியும் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைச் சோதிக்கும் முறையில் ஒரு மாற்றம் செய்தார்கள். பெற்றோர் குழந்தையோடு தினமும் செலவிடும் நேரத்தையும் கணக்கில் எடுத்தார்கள். தினம் நான்கு மணி நேரத்துக்கு மேல் குழந்தையோடு இருந்த அப்பாக்கள் அம்மாக்களுக்குச் சமமாகச் சரியாகச் சொன்னார்கள். அதற்குக் குறைவாக இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள்.

மூன்றாவது, 2014-இல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழு செய்த மூளை ஆய்வு. முதல் குழந்தை பெற்ற அம்மாக்கள், அவர்களுக்குத் துணையாக இருந்த அப்பாக்கள், அம்மா இல்லாத வீட்டில் முழுப் பொறுப்பேற்ற அப்பாக்கள் என்று மூன்று பிரிவினரை ஒப்பிட்டார்கள். ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா, அம்மாக்களிடம் துடிப்பாக இயங்கியது. துணை நிலையில் இருந்த அப்பாக்களிடம் அந்த அளவு இல்லை. முழுப் பொறுப்பேற்ற அப்பாக்களிடமோ அம்மாக்களைப் போலவே இயங்கியது.

இந்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். கடைசி இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கை சிறியது. அக்கறை இருந்ததால் நேரம் செலவழித்தார்களா, நேரம் செலவழித்ததால் திறமை வந்ததா என்று அவற்றை மட்டும் வைத்துத் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் வெவ்வேறு முறையில் செய்த மூன்றும் பொறுப்பும் மணிக்கணக்குமே வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்ற பக்கமாகத்தான் சாய்கின்றன. என் கணிப்பும் அதுவே.

## இடைவெளி வளரும் விதம்

நேரம்தான் திறமை தருகிறது என்றால், முதல் வாரங்களில் விழும் சின்ன வித்தியாசம் தானாகவே பெரிதாகும்.

1. விடுப்பில் இருப்பவர் அம்மா. குழந்தையோடு கூடுதல் மணி நேரம் அவருக்கு.
2. எந்த அழுகை பசி, எது தூக்கம் என்று அவருக்கு முதலில் பிடிபடுகிறது.
3. அப்பா தூக்கினால் குழந்தை அடங்க நேரமாகிறது. அம்மா வாங்கிக்கொள்கிறார். இரண்டு நிமிடத்தில் அமைதி.
4. அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி போனது. அடுத்த முறை அவர் சீக்கிரமே கைமாற்றிவிடுகிறார்.
5. ஆறு மாதத்தில் “எனக்கு வராது, அவளுக்குத்தான் தெரியும்” என்பது வீட்டில் நிலைத்துவிடுகிறது.

ஒவ்வொரு படியிலும் இருவரும் நியாயமாகவே நடந்துகொள்கிறார்கள், அதுதான் சிக்கல். அழுகிற குழந்தையை வேண்டுமென்றே இருபது நிமிடம் அழவிட யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது படியை மட்டும் தனியே எடுத்து, அம்மாக்கள் அப்பாக்களை அண்டவிடுவதில்லை என்று சொல்வோர் உண்டு. சாரா ஆலன், ஆலன் ஹாக்கின்ஸ் இருவரும் 1999-இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். எல்லாவற்றையும் தானே செய்தால்தான் சரியாக வரும் என்ற எண்ணமும், நல்ல அம்மா என்ற பெயர் தன் உழைப்பைப் பொறுத்தது என்ற எண்ணமும் சிலரிடம் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் பழியை அங்கே இறக்கிவைப்பது நியாயமில்லை. குழந்தைக்குச் சட்டை மாறிப் போட்டிருந்தாலும் எடை கூடாவிட்டாலும் கேள்வி வருவது அம்மாவிடம்தான். பதில் சொல்ல வேண்டியவர் மேற்பார்வையும் செய்வார்.

## ஒதுக்கீடு ஏன் வேலை செய்தது?

முதலில் கேட்ட புதிருக்கு இனி விடை சொல்லலாம். பொதுவாக வைத்த பெற்றோர் விடுப்பை யார் எடுப்பது என்று ஒரு குடும்பம் கணக்குப் போட்டால், சம்பளம் குறைந்தவர் எடுப்பதே லாபம். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. அலுவலகத்திலும் “உன் மனைவி எடுக்கலாமே” என்ற கேள்வி காத்திருக்கும். 2015-இல் பிரிட்டன் கொண்டுவந்த பகிர்வு விடுப்பு இப்படித்தான் படுத்தது. அப்பா எடுக்க வேண்டுமானால் அம்மா தன் நாள்களை விட்டுத்தர வேண்டும், கிடைக்கும் தொகையும் சொற்பம். எடுத்தவர்கள் மிகச் சிலரே.

ஒதுக்கீடு இந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. அப்பா எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் யாருக்கும் இல்லை. மேலதிகாரியிடம் பேசுவதும் எளிதாகிறது, ஏனென்றால் அது அவர் கேட்கும் சலுகை இல்லை, எல்லா அப்பாக்களும் எடுக்கும் நாள். சுவீடன் முதல் மாதத்தை 1995-இல் ஒதுக்கியது, இரண்டாவதை 2002-இல், மூன்றாவதை 2016-இல். ஐஸ்லாந்து 2000-இல் இயற்றிய சட்டம் அம்மாவுக்கு மூன்று மாதம், அப்பாவுக்கு மூன்று மாதம், பொதுவில் மூன்று மாதம் என்று பிரித்தது. அப்பாக்கள் தங்கள் மூன்று மாதத்தைப் பெரும்பாலும் எடுத்தார்கள், பொதுவானதை அம்மாக்கள் எடுத்தார்கள். பூட்டிவைத்ததும் பொதுவில் வைத்ததும் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கனடாவின் கியூபெக் 2006-இல் 5 வாரம் ஒதுக்கியபோதும் இதேதான் நடந்தது.

ஒதுக்கீடு இருந்தாலும் தொகை குறைவாக இருந்தால் பயனில்லை. சட்டமும் தொகையும் சரியாக இருந்தாலும் பணியிடம் முகம் சுளித்தால் பயனில்லை. ஜப்பானைத் தடுத்தது பெரும்பாலும் இந்தப் பணியிடச் சிக்கல்தான். ஊழியரிடம் விடுப்பு எடுக்க விருப்பமா என்று நிறுவனமே கேட்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. பிறந்த எட்டு வாரத்துக்குள் எடுக்கும் தனி விடுப்பும் சேர்ந்தது. 2023 நிதியாண்டில் விகிதம் 30.1 சதவீதம் ஆனது.

## சேர்ந்து இருக்கும் நாள், தனியாக இருக்கும் நாள்

அம்மாவும் அப்பாவும் ஒரே சமயத்தில் வீட்டில் இருப்பதும், அம்மா வேலைக்குப் போனபின் அப்பா தனியாக இருப்பதும் வேறு வேறு பலன் தருபவை.

சேர்ந்து இருப்பது அம்மாவின் உடல்நலத்துக்கு. சுவீடன் 2012-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. முதல் ஆண்டில் 30 நாள் வரை, தேவைப்படும்போது தேவைப்படும் நாளில், இருவரும் ஒன்றாக விடுப்பில் இருக்கலாம். பெட்ரா பெர்சன், மாயா ராசின்-ஸ்லேட்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின்னான மாதங்களில் அம்மாக்கள் சிக்கல்களுக்காக மருத்துவமனைக்கு வருவதும், பதற்றத்துக்கு மருந்து வாங்குவதும் குறைந்திருந்தன. இத்தனைக்கும் அப்பாக்கள் பெரும்பாலும் சில நாள்களே எடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு முடியாத நாளில் வீட்டில் இருக்க முடிந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், விடாத தலைவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என்று ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அரைத்தூக்கத்தில் இருக்கும் அம்மா இதைத் தானே கவனிப்பார் என்று எதிர்பார்ப்பதைவிட, பக்கத்தில் ஒருவர் கவனிப்பது பாதுகாப்பு.

தனியாக இருப்பது அப்பாவின் திறமைக்கு. நார்வேயில் பெரிட் பிராண்ட், எலின் குவாண்டே என்ற சமூகவியலாளர்கள் விடுப்பெடுத்த அப்பாக்களிடம் பேசிப் பார்த்ததில், மனைவி வேலைக்குப் போனபின் தனியாகக் குழந்தையோடு இருந்தவர்கள்தான் குழந்தையின் போக்கைப் படிக்கக் கற்றிருந்தார்கள். இருவரும் ஒன்றாக இருந்த வீடுகளில் அப்பா துணை ஆளாகவே தங்கிவிட்டார். கைமாற்றிவிட யாரும் இல்லாதபோது மேலே சொன்ன ஐந்து படிச் சங்கிலி மூன்றாவது படியிலேயே அறுந்துவிடுகிறது. லாம்ப் சொன்ன மூன்றாவது வகையான பொறுப்பும் அப்போதுதான் அப்பாவின் தலைக்குள் ஏறுகிறது.

## வருமானத்தில் தெரியும் விளைவு

டென்மார்க்கில் ஹென்ரிக் க்ளெவனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் நீண்டகால நோக்கில் ஏறக்குறைய 20 சதவீதம் பின்தங்குகிறது. ஆண்களுடையதில் மாற்றமே இல்லை. ஒதுக்கீடு இதை முழுதாகச் சரிசெய்துவிடும் என்று சொல்ல ஆதாரம் போதாது, வீட்டு வேலைப் பங்கில் அது கொண்டுவரும் மாற்றம்தான் தெளிவாகத் தெரிகிறது. ஸ்பெயினில் எதிர்பாராத ஒரு விளைவும் உண்டு. அங்கே 2007-இல் அப்பாக்களுக்கு இரண்டு வார விடுப்பு வந்தபின், அதைப் பெற்ற குடும்பங்கள் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட்டன. வேலை எவ்வளவு என்று கண்ணால் பார்த்ததால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கங்களில் ஒன்று.

## விடுப்பே இல்லாத அப்பா

உலகில் பெரும்பாலான அப்பாக்களுக்கு மேலே சொன்ன எதுவும் கிடையாது. அவர்களுக்கு மேற்கண்டவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள முடிவது இவை.

1. இரவைப் பிரிப்பது. ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை அப்பா, அதன்பின் அம்மா என்றால் இருவருக்கும் தொடர்ந்து ஐந்து மணி நேரம் கிடைக்கும். தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு, அதாவது மூன்று நான்கு வாரம் கழித்து, எடுத்துவைத்த பாலை அப்பா கொடுக்கலாம். அதற்கு முன்பும் குழந்தையை அம்மாவிடம் கொண்டுவருவது, ஏப்பம் வரவைப்பது, டயப்பர் மாற்றித் தூங்கவைப்பது எல்லாம் அவரால் முடியும். அரை மணி மிச்சமாகும்.
2. ஒரு வேலையை முழுதாக எடுப்பது. தடுப்பூசி என்றால் தேதி நினைவு வைப்பது, அழைத்துப் போவது, அன்றிரவு காய்ச்சல் வந்தால் பார்ப்பது வரை.
3. வாரம் ஒருமுறை சில மணி நேரம் அம்மா வெளியே, அப்பாவும் குழந்தையும் மட்டும் வீட்டில். தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் செய்வது இதில் சேராது.
4. சட்டை இல்லாமல் குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய கங்காரு பராமரிப்பின் அடிப்படை இது. அப்பாவின் நெஞ்சுச் சூடும் பயன்படும்.

தனியாக இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, சமமான கெட்டியான படுக்கையில் தூங்கவைக்க வேண்டும். சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வது ஆபத்து. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது. அழுகை தாங்க முடியாமல் போனால் பத்திரமான இடத்தில் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் அறைக்கு வெளியே நிற்கலாம். எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது.

## அப்பாவுக்கும் மனச்சோர்வு வரும்

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மனைவி கருவுற்றது முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தால் அப்பாவுக்கும் வர வாய்ப்பு கூடுகிறது. அது அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாக, கோபமாக, நேரங்கெட்ட நேரம்வரை வேலையில் உட்கார்ந்திருப்பதாக, குடியாக வெளிப்படலாம். பொறுப்பில்லாதவர் என்று வீட்டில் பெயர் வாங்கியவர்களில் சிலருக்கு உண்மையில் சிகிச்சை தேவைப்படும்.

அம்மாக்களிடம் இதைக் கண்டறிய 1987-இல் உருவான எடின்பரோ வினாத்தாள் ஆண்களுக்கும் பயன்படுகிறது, மதிப்பெண் வரம்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். அதே தொகுப்பாய்வில் விகிதம் அதிகமாக இருந்தது குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் கட்டத்தில். அந்த நேரத்தில் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் போகும் வேலை முடிந்திருக்கும், குழந்தையின் தடுப்பூசிக்கான வருகை மட்டும் தொடர்ந்துகொண்டிருக்கும். பத்தே கேள்விகள்தான், வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அப்பாவும் நிரப்பிக் கொடுத்துவிடலாம்.